ராணியின் இடுப்பில் மாட்டுச் சலங்கைப் பட்டை

செல்லூர்,
வெகுதானிய வருஷம், மாசி மாதம் 21-ந் தேதி

பேரையூர் மகாராஜராஜஸ்ரீ முத்திருளன் அவர்கள் சமூகத்துக்கு, உங்கள் அக்காள் மாயக்காளைக் கட்டிக்கொண்ட பாவத்தால் உங்களுக்கு மச்சானாகிய செல்லூர் வண்டிக்கார விருமாண்டி எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், உங்கள் அக்காள், உங்கள் மருமகள் அன்னக்கொடி, வண்டிமாடு இரண்டு, ஆக ஐந்து உருப்படியும் சுகம். சுகக் கணக்கில் என் வலதுகைப் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்க்க வேண்டாம்; வலத்து மாட்டின் கழுத்தையும் சேர்க்க வேண்டாம். காரணம் கீழே வரும். அவ்விடம் உங்கள் சுகமும், வீட்டார் சுகமும், வருகிற பங்குனிப் பொங்கல் நாடகத்தில் ராணி வேஷம் கட்டப்போகிற உங்கள் இடுப்பின் சுகமும் அறிய ஆவல்.

மாப்ளே, முதல் சங்கதி. நீங்கள் கொடுத்துவிட்ட தகரப் பெட்டி, உள்ளே இருந்த கில்ட்டு நகையெல்லாம் சரி செய்யப்பட்டு, இந்தக் கடிதத்தோடு எங்கள் அடுத்த சந்தில் குடியிருக்கிற பஸ் கண்டக்டர் கருப்பு கையில் வருகிறது. ஒட்டியாணம் ஒன்று, காசுமாலை ஒன்று, முத்துமாலை ஒன்று, நெற்றிச்சுட்டி ஒன்று, தோளில் மாட்டுகிற வங்கி இரண்டு. எல்லாம் மின்னுகிறது. எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் மேற்கொண்டு படிக்கப் படிக்க உங்களுக்கு நெஞ்சை அடைக்கும். அடைக்கும்போதெல்லாம் இந்த வரிக்குத் திரும்பி வந்து மூச்சு விட்டுக்கொண்டு போங்கள்.

இரண்டாவது சங்கதி, இரண்டு வருஷம் என்னோடு பேசாமல் இருந்த நீங்கள்தான் முதலில் இறங்கி வந்தீர்கள். இதை நான் சொல்லிக் காட்டுவதற்காக எழுதவில்லை. எழுதி வைத்தால் மறக்காது என்பதற்காக எழுதுகிறேன். அந்தப் பங்குனி எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நீங்கள் ராணியாக நின்று, காட்டில் விட்டுப்போன ராஜாவை நினைத்துப் பாடி அழுகிறீர்கள், ஊரே மூக்கைச் சிந்துகிறது, உங்கள் அக்காளுக்கு முந்தானை போதாமல் என் துண்டையும் பிடுங்கிக்கொண்டாள், அந்த நேரம் பார்த்து உங்கள் ஒட்டியாணத்துக் கொக்கி விட்டுப்போய்ப் பலகையில் டணார் என்று விழுகிறது. அப்போதாவது நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். "ஏப்பா, மாடு கட்டுத்தறியில இருந்து அவுத்துக்கிருச்சு, பிடிங்கப்பா!" என்று கத்திவிட்டேன். அழுத ஊர் சிரித்தது. ஆர்மோனியக்காரர் சிரிப்பில் காற்றுப் போட மறந்துபோய், பெட்டி ஒரு தரம் முனகிவிட்டு நின்றது. நீங்கள் ஒட்டியாணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சேலையும் மீசைத் தடமுமாக என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். அதோடு நம் பேச்சு நின்றது. தீபாவளிக்கு வரவில்லை. உங்கள் கத்தரித் தோட்டத்துக் காய் ஒன்றுகூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நானும் இறங்கவில்லை. சிரித்தவன் நான் ஒருத்தனா, ஊரே சிரித்தது, ஊரோடா பேசாமல் இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆனால் மாப்ளே, வைகாசியில் அன்னக்கொடிக்குக் கல்யாணம் என்று பேசி முடித்த அன்றைக்கு வீடே சிரித்தபோது உங்கள் அக்காள் மட்டும் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தால் அடுப்பே எரியவில்லை, சும்மா ஊதிக்கொண்டிருக்கிறாள்.

"தாய்மாமன் சீரு வராம எம்மகள எப்பிடி மணையில ஒக்கார வைக்கிறது? இவளுக்குப் பெறந்த எடமே இல்லையாக்கும்னு நாலு பேரு கேக்க மாட்டாகளா?"

"அதுக்கு? ஓந்தம்பி காலுல போயி விழுகச் சொல்றியா?"

"விழுக வேணாம். வாயத் தொறக்காம இருந்தாலே போதும். அது ஒங்களுக்கு விழுகுறத விடக் கஷ்டம்னு எனக்குத் தெரியும்."

நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் இந்த மாசி பிறந்த முதல் வாரம் கருப்பு உங்கள் பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்தான். "பேரையூர்ல இருந்து அண்ணே. பங்குனிப் பொங்கலுக்குள்ள சரி பண்ணிக் குடுக்கணுமாம். வேற ஆசாரிகிட்டக் குடுக்கக் கூடாதாம். மச்சான் கையாலதான் பண்ணணுமாம்." எனக்குப் பூரித்துப்போயிற்று. சிரித்தவன் கையாலேயே சரி செய்யட்டும் என்கிறாரே, என் மாப்ள மாப்ளதான், சமாதானம் வந்தாலும் வணங்காமல் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். உங்கள் அக்காளோ, பெட்டியை வைப்பதற்கு மாடத்தில் இடம் ஒழித்து, துடைத்துத் தயாராக வைத்திருந்தாள். அது எப்படி என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

திறந்து பார்த்தேன். பதினாலு வருஷ வேர்வையும் அரிதாரமும் ஏறி நகையெல்லாம் கருத்துக் கிடந்தது. எனக்கு இது தெரியாத வேலையா? இருபத்தைந்து வருஷமாக என் மாட்டுக்குக் கொம்புப் பூணும் சலங்கையும் நானே விளக்குகிறேன். மாட்டுப் பொங்கலுக்குச் செல்லூரில் என் மாட்டுக் கொம்பில் முகம் பார்த்து மீசை முறுக்குகிறவர்கள் உண்டு. மாட்டுக்கு ஒரு முறை, ராணிக்கு ஒரு முறையா? பழம்புளியை ஊறவைத்து, செங்கலை இடித்துச் சலித்து, ஒரு கை உப்புப் போட்டு, காசுமாலையை எடுத்து வைத்துத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கக் கறுப்புப் போயிற்று. கறுப்புக்குக் கீழே மஞ்சள் வந்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை, இன்னும் அழுத்தித் தேய்த்தேன். அன்னக்கொடி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, காசு செவக்குதுப்பா."

"ராணி காசுல்ல, வெக்கப்படுது."

"அப்பா, தண்ணியில மஞ்சளா ஓடுது."

"அதுதாம்மா அழுக்கு."

"அழுக்கு மின்னுமாப்பா?"

நான் கையை எடுத்துப் பார்த்தேன். மாப்ளே, மேலே போய் அந்த வரியைப் படித்துவிட்டு வாருங்கள். உங்கள் காசுமாலையில் ஒரு காசுகூட மஞ்சளாக இல்லை. அத்தனையும் புதுச் செப்புக்குடம் மாதிரிச் சிவப்பு. இருந்த தங்கம் எல்லாம் செங்கல் தண்ணியோடு முற்றத்து ஓடையில் போய், எங்கள் வாசல் நாயின் கால் மட்டும் மூன்று நாள் மின்னியது.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் நான் விருமாண்டி இல்லை. ஒன்று கெட்டதை இன்னொன்றைச் சரி செய்து ஈடுகட்டிவிடலாம் என்று முத்துமாலையை எடுத்தேன். புளி வேண்டாம், முத்துக்குப் புளி ஆகாது என்கிற அளவுக்கு எனக்குப் புத்தி வந்துவிட்டது. அதனால் பூந்திக்கொட்டையைப் போட்டுத் தண்ணியைக் கொதிக்கவிட்டு முத்துமாலையை அதில் இறக்கினேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. கரண்டியால் எடுத்தால் முத்தைக் காணோம். நூலில் வரிசையாகச் சின்னச் சின்னக் கண்ணாடிக் குண்டு, உள்ளே ஓட்டை தெரிய, குளிக்கிற இடத்தில் ஆள் வந்துவிட்ட மாதிரி நிற்கிறது. முத்தின் மினுமினுப்பு அம்புட்டும் மேலே பூசின பூச்சாம். அதை யார் எனக்குச் சொன்னார்கள்? நீங்களாவது ஒரு சீட்டில் எழுதி வைத்திருக்கக் கூடாதா?

அப்புறம் கல். நெற்றிச்சுட்டியிலும் வங்கியிலும் ஆடிக்கொண்டிருந்த சிவப்புக் கல்லை எல்லாம் கழற்றி, அரிவாளுக்குப் பிடி போடுகிற அரக்கைக் காய்ச்சி ஊற்றினேன். என் அரிவாளுக்கு நான் போட்ட பிடி இன்றுவரை கழன்றதில்லை. ஆனால் அரிவாளுக்கு ஊற்றுகிற அளவும் சுட்டிக்கு ஊற்றுகிற அளவும் வேறு போலிருக்கிறது. கல்லை வைத்தேன், கல் கிணற்றில் போட்ட மாதிரி உள்ளே முங்கிவிட்டது. இரண்டு விரலால் எடுக்கப் போனேன். அந்த விரல்கள்தான் மேலே சொன்ன விரல்கள். கத்தின கத்தில் கை உதறி, கீழே இருந்த ஒட்டியாணத்தின் மேலேயே காலை வைத்து, அது நடுவில் இரண்டாகப் பிளந்தது. கொக்கி பழுது என்றுதானே கொடுத்துவிட்டீர்கள்? இப்போது கொக்கியைத் தவிர எல்லாம் பழுது.

உங்கள் அக்காள் கடைக்குப் போயிருந்தவள் அப்போதுதான் உள்ளே வந்தாள். நான் திட்டுக்குத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் திட்டவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் திட்டாமல் நின்ற முதல் நாள் அதுதான். சிவந்த காசையும் அம்மணக் கண்ணாடியையும் பிளந்த ஒட்டியாணத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் துடைத்துப் பெட்டியில் அடுக்கினாள்.

"இந்த ரெண்டு வருசத்துல எந்தம்பி வீட்டுல இருந்து எனக்கு வந்த மொதச் சாமான் இது" என்று மட்டும் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை, பெட்டியிடம் சொன்னாள்.

மாப்ளே, சுட்ட விரல் அப்போது எனக்கு வலிக்கவே இல்லை.

பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஆற்றைத் தாண்டி ஆசாரிகளிடம் போகாமல் அப்படியே கோரிப்பாளையம் போனேன். அங்கே தர்கா பக்கத்தில் பீர் முகமது என்று ஒருத்தர். சந்தனக்கூடு ஊர்வலத்துக்கு ஜிகினாவும், தங்க ரேக்கு என்கிற மெல்லிசுத் தாளும் ஒட்டிக் கூடு கட்டுகிறவர், கல்யாணக் குதிரைக்கு நெற்றிப்பட்டம் கட்டுகிறவர். மூங்கிலும் தாளும் என் வண்டியில்தான் ஏற்றுவார். ஆனால் கைவேலையில் அவரைவிட அவர் வீட்டுக்காரம்மா சபியா கெட்டி. நான் பெட்டியைத் திறந்து வைத்ததும் அந்த அம்மா கதவுக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்து, "யா அல்லா! என்னாண்ணே இது, எந்த மாட்டுக்கு?" என்றது.

"மாட்டுக்கு இல்ல தாயி. ராணிக்கு."

"ராணி எங்க?"

"பேரையூர்ல கத்தரிக்குத் தண்ணி பாச்சிக்கிட்டு இருக்காரு."

பீர் முகமது பாய் முழங்காலில் அடித்துச் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை, காசு ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "எதுல தேச்சீக?" என்று கேட்டது. சொன்னேன். "அண்ணே, கில்ட்டுக்கு ஒடம்பெல்லாம் செம்பு, மேல்தோலு மட்டுந்தான் தங்கம். நீங்க குளிப்பாட்டல, தோல உரிச்சிருக்கீக" என்றது. அப்புறம் முத்தைப் பார்த்தது. "இதையும் உரிச்சிட்டீகளா?" அப்புறம் சுட்டியைப் பார்த்தது. "இத மட்டும் பொதைச்சிட்டீக." பாய்க்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

"தாயி, எப்பிடியாச்சும் நீயே சரி பண்ணிக் குடுத்துரு" என்றேன். "யாரு கையால பண்ணணும்னு குடுத்து விட்டாக?" என்று கேட்டது. பொய் சொல்ல வாய் வரவில்லை. "எங்கையால." "அப்ப ஒக்காருங்க" என்று ஒரு பலகையைத் தள்ளிப் போட்டது.

நாலு நாள், மாப்ளே. மத்தியானம் வண்டி அவிழ்த்ததும் நேரே அங்கேதான். அந்த அம்மா திரைக்கு அந்தப் பக்கம் இருந்து சொல்லும், நான் இந்தப் பக்கம் செய்வேன். காசு ஒவ்வொன்றுக்கும் மெழுகு வார்னீஷ் தடவி, தங்க ரேக்கை நகம் படாமல் பரப்பி, பஞ்சால் ஒற்ற வேண்டும். மூச்சு விட்டால் ரேக்கு பறந்துவிடும். எனக்கோ வாய் சும்மா இராது. "பேசாதீக அண்ணே, ராணி பறந்து போயிரும்." நாற்பத்தெட்டுக் காசு ஒட்டுகிற வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை என்று உங்கள் அக்காளிடம் பாய் வந்து சாட்சி சொன்னபோது, அவள் அந்த அம்மாவுக்கு ஒரு படி வேர்க்கடலை அனுப்பினாள். கல்லைத் தோண்டி எடுத்து, கீழே துண்டு ஜிகினா வைத்து, இம்புட்டூண்டு அரக்கில் உட்கார வைத்தேன். முன்னைவிட இப்போது அதிகமாகச் சிவக்கிறது, நீங்களே பாருங்கள். முத்துக்கு மட்டும் மருந்தில்லை. குதிரைப் பட்டத்துக்கு வைத்திருந்த முத்தை அந்த அம்மா எடுத்துக் கொடுத்தது. ஆகையால் பங்குனியில் உங்கள் கழுத்தில் கிடப்பது மாப்பிள்ளைக் குதிரை முத்து. கனைக்காமல் பாடவும்.

ஒட்டியாணம்தான் கடைசிவரை பிடி கொடுக்கவில்லை. பிளந்த இரண்டு துண்டையும் ரேக்கு ஒட்டி மினுக்கிவிட்டோம். ஆனால் இரண்டையும் சேர்த்து உங்கள் இடுப்பைச் சுற்றிப் பிடிக்கிறதற்குத் தாளும் அரக்கும் தாங்குமா? "இழுத்துப் பிடிக்கிறதா ஏதாச்சும் வேணும்ணே" என்றது அந்த அம்மா. வெளியே வந்தேன், வலத்து மாடு கழுத்தை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் சலங்கைப் பட்டை நல்ல செம்மறித் தோல், பித்தளை வளையம், கொக்கி. எத்தனை மேட்டில் இழுத்தும் விட்டுக்கொடுத்ததே இல்லை. மாட்டிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவிழ்த்தேன். சலங்கையை எல்லாம் கழற்றி, பட்டையை உள்பக்கம் வைத்துத் தைத்து, மேலே ரேக்குத் துணி போர்த்தினோம். ஒரே ஒரு சலங்கை மட்டும் துருப்பிடித்துக் கழல வரவில்லை. ராணி நடக்கும்போது இடுப்பில் லேசாகச் சத்தம் வரும். ஊர்க்காரர் கேட்டால் அரண்மனை வழக்கம் என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பங்குனியில் நான் கத்தினது மாடு அவிழ்த்துக்கொண்டது என்று. இந்தப் பங்குனியில் மாடே வந்து பிடித்துக்கொள்ளும்.

பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? வீட்டு முற்றத்தில் நானே கட்டிக்கொண்டேன். குதித்தேன், குனிந்தேன், நீங்கள் அழுகிற மாதிரி ஒப்பாரி வைத்து நெஞ்சில் அடித்துக்கொண்டேன். இம்மி அசையவில்லை. அன்னக்கொடி கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், உங்கள் அக்காள் சிரிக்கிறாள். ஆமாம் மாப்ளே, சிரித்தாள், இரண்டு வருஷத்துக்கு அப்புறம், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு. அப்போது கழற்றப் போனேன். கழலவில்லை. உங்கள் அக்காள் இழுத்தாள், அன்னக்கொடி இழுத்தாள். அதற்குள் சிம்மக்கல்லுக்கு நூல் மூட்டை ஏற்ற வேண்டும் என்று வாசலில் ஆள் வந்துவிட்டது. என்ன செய்ய? மேலே துண்டைச் சுற்றிக்கொண்டு, ராணி ஒட்டியாணத்தோடு வண்டி ஏறினேன். பாலத்து மேட்டில் எதிரே வந்த அழகுமலை, "என்ன விருமாண்டி, இடுப்புல துண்டு? சுளுக்கா?" என்றான். "ஆமாப்பா" என்றேன். "சுளுக்கு என்னத்துக்குப்பா சலங்கைச் சத்தம் போடுது?" என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். சத்தம் வேறு திசையிலிருந்து வருகிறதே என்று வலத்து மாடும் திரும்பித் திரும்பிப் பார்த்து, வண்டி நேராகவே ஓடவில்லை. திரும்பி வந்து கோரிப்பாளையத்தில் அந்த அம்மாதான் வழி சொன்னது: வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, வளையத்தை இடப்பக்கம் தள்ளி, அப்புறம் தூக்க வேண்டும். இதை மறக்காதீர்கள். கட்டுவதற்கு முன்னால் ஆசாரிக்குத் தெரியாத இந்த வித்தையை இரண்டு தரம் பழகிக்கொள்ளுங்கள்.

"ஒங்க மாப்ள அழுகுற எடத்துல இது கழண்டா எங்க பேரச் சொல்லாதீக, கழலாட்டி மட்டும் சொல்லுங்க" என்று சபியாம்மா சொல்லிவிட்டது.

ஆக மாப்ளே, பாரம் இறங்கின வண்டி மாதிரி இருக்கிறது எனக்கு. வைகாசிக்கு நீங்கள் சீர்த்தட்டோடு முன்னால் வர வேண்டும். உங்கள் அக்காள் இப்போதே வாசலுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிவிட்டாள். இரண்டு வருஷ வீம்பை விட்டு நீங்களே முதலில் இறங்கி வந்தீர்கள் பாருங்கள், அது பெரிய மனுஷத்தனம். அதை நான் எந்த நாளும் சொல்லிக் காட்ட மாட்டேன், வருஷத்துக்கு ஒரு தரம் பங்குனியில் மட்டும் சொல்வேன். உங்கள் வீட்டுக்கும், கத்தரித் தோட்டத்துக்கும், கிணற்று ஊற்றுக்கும் குறைவு வராமல் குலசாமி காக்கட்டும். உங்கள் தொண்டை கட்டாமல் இருக்க அன்னக்கொடி பனங்கற்கண்டு பொட்டலம் ஒன்று பெட்டியில் வைத்திருக்கிறாள். உங்கள் அக்காள் விசாரித்ததாக எழுதச் சொன்னாள். வலத்து மாடு தன் பட்டையை விசாரித்தது.

இப்படிக்கு, உங்கள் மச்சான்,
செ. விருமாண்டி

பின்குறிப்பு: பெட்டியை வாங்க வந்த கருப்பு வாசலில் நிற்கிறான், அவசரமாக எழுதுகிறேன். "உங்க மாப்ள நல்ல மனுசன் அண்ணே, நீங்க அம்புட்டுக் கெஞ்சினதுக்கு ஒரே தடவையில மனசு எறங்கிட்டாரு" என்றான். "நான் எப்படா கெஞ்சினேன்?" என்றேன். "ஒங்க வீட்டு மதினிதான் சொல்லி விட்டுச்சே, தை மாசம் பூராவும் நாந்தானே சேதி கொண்டு போனேன். 'சிரிச்ச பாவம் தாங்காம அவுகளுக்குச் சோறு எறங்கல, அந்த நகைய ஒரு தடவ அவுக கையால சரி பண்ணக் குடுத்தாத்தான் மனசு ஆறும்கிறாக'ன்னு. அவரும் பாவம், மச்சானே எறங்கி வந்துட்டாரு, அவரு கையாலயே பண்ணட்டும்னு குடுத்து விட்டாரு." தை மாதம் முழுக்கக் கருப்பு வந்தால் மட்டும் உங்கள் அக்காள் மோரில் கொத்தமல்லி கிள்ளிப் போட்டுக் கொடுத்தது ஏன் என்று இப்போது தெரிகிறது. உள்ளே போய், "ஏண்டி, நான் எப்ப சோறு எறங்காம இருந்தேன்?" என்று கேட்டேன். முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அரிசியில கல்லு கெடக்கு, பேச்சுக் குடுக்காதீக" என்கிறாள்.

ஆகையால் மாப்ளே, மேலே நீங்கள் முதலில் இறங்கி வந்தீர்கள் என்று எழுதியிருக்கிற இடத்தையெல்லாம் நீங்களே அடித்துவிடுங்கள். நான் அடிக்க நேரமில்லை, பஸ் போய்விடும். நீங்களும் இறங்கவில்லை, நானும் இறங்கவில்லை. இரண்டு பேரையும் ஒருத்தி இறக்கி வைத்திருக்கிறாள். உங்களுக்கும் தெரிந்துபோயிற்று என்று அவளுக்குத் தெரிய வேண்டாம். அவள் சொன்ன பொய்யையும் ஒரேயடியாகப் பொய் என்று சொல்ல முடியாது; சோறு இறங்கியது உண்மை, ருசிக்கவில்லை என்பதும் உண்மை. கல்யாணத்துக்கு வாருங்கள். ஒட்டியாணம் கழலாவிட்டால் அப்படியே கட்டிக்கொண்டாவது வாருங்கள். சலங்கைச் சத்தம் கேட்டு மாடு வந்து வாசலில் வரவேற்கும். நான் வாயைத் திறக்க மாட்டேன்.